வரைபடத்தின் விளிம்பில் ஒரு கிணறு

(ஒலி வடிவத்தில் பேசியதைப் படிக்க வசதியாக ஒழுங்குபடுத்தித் தந்திருக்கிறோம். பேச்சுவாக்கில் வந்த சொற்களைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு டீக்கடையில இருந்து ஆரம்பிக்கிறேன்.

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல டீ குடிச்சுக்கிட்டே போன்ல பேசிக்கிட்டு இருந்தேன். "எக்ஸ்போர்ட்லதான் பிரச்னை. பாதி வெட்டுப்பட்டு வருது"ன்னு சொன்னேன். டீ ஆத்திக்கிட்டு இருந்த அண்ணன் சட்டுனு திரும்பிப் பார்த்தார். "எந்த கம்பெனிப்பா? கட்டிங் செக்‌ஷனா?"ன்னு கேட்டார்.

ஆம்பூர்ல எக்ஸ்போர்ட்னா ஷூ. வெளிநாட்டுக்குப் போற ஷூ. நான் பேசினது வரைபடத்தைப் பத்தி. கம்ப்யூட்டர்ல இருக்கிற வரைபடத்தை பிடிஎஃப் ஆக வெளியே எடுக்கிறதையும் எக்ஸ்போர்ட்னுதான் சொல்லுவோம். அண்ணனுக்கு விளக்கினேன். "அப்போ ஷூ இல்லையா?"ன்னு கேட்டுட்டு வேலையைப் பார்க்கப் போயிட்டார்.

ஆனா யோசிச்சுப் பார்த்தா அவர் கேட்டது ரொம்பத் தப்பான கேள்வி இல்லை. என் வரைபடத்துல வெட்டுப்பட்டதுக்கும் அந்த ஊர் தோலுக்கும் தொடர்பு இருந்தது. அந்தத் தொடர்பைத்தான் இந்த எபிசோட்ல சொல்லப்போறேன்.

என் கெணறு எங்க?

சில வருஷங்களுக்கு முன்னாடி நான் ஒரு சின்னக் குழுவோட வேலை பார்த்தேன். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பாலாற்றங்கரைக் கிராமங்கள்ல இருக்கிற கிணறுகளை வரைபடத்துல ஏத்தணும். தன்னார்வலர்கள் ஜிபிஎஸ் எடுத்துக்கிட்டுப் போவாங்க. கிணத்துத் தண்ணியில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு டிடிஎஸ் மீட்டர்ல பார்த்துக் குறிச்சுக்கிட்டு வருவாங்க. கிராமத்துக்கு ஒரு வரைபடம். எழுபது சொச்சம் கிராமம்.

எழுபது வரைபடத்தைக் கையால செய்ய யாருக்குப் பொறுமை இருக்கு? ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். பட்டியல்ல இருக்கிற ஒவ்வொரு கிராமத்தையும் அது எடுக்கும், அந்த இடத்துக்குப் போய் நிக்கும், பிடிஎஃப் போடும், அடுத்த கிராமத்துக்குப் போகும். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கினேன். காலையில எழுபது கோப்பு தயார். நாலஞ்சைத் திறந்து பார்த்தேன், அழகா இருந்தது. மிச்சத்தைப் பார்க்கவே இல்லை. அங்கேதான் தப்பு பண்ணினேன்.

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவுல ஒரு கிராமம். பஞ்சாயத்து அலுவலகச் சுவத்துல வரைபடத்தை ஒட்டினோம். ஊர்க்காரங்க கூடிட்டாங்க. ஒரு பெரியவர் கண்ணாடியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் தேடினார். அப்புறம் கேட்டார்:

"இன்னாப்பா, என் கெணறு எங்க?"

"எந்தப் பக்கம் ஐயா உங்க நிலம்?"

"தெக்கால. ஓடைய தாண்டி."

வரைபடத்துல ஓடையே இல்லை. ஓடைக்கு முன்னாடியே காகிதம் முடிஞ்சுபோச்சு. ஊரோட தெற்குப் பகுதி முழுக்க, அதுல இருந்த கிணறுகளோட சேர்த்து, வெட்டுப்பட்டிருந்தது.

"ஐயா, கம்ப்யூட்டர்ல இருக்கு. இதுல மட்டும் வரலை"ன்னு சொன்னேன்.

"அதான் பேப்பர்ல இல்லியே"ன்னார். அவ்வளவுதான். கோவமாக்கூட சொல்லலை. பழகிப்போன ஒரு விஷயத்தைச் சொல்ற மாதிரி சொன்னார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார்னு எனக்குப் புரிய கொஞ்ச நாள் ஆச்சு. அதுக்கு நாம வரலாற்றுக்குள்ள போகணும்.

நாலு எண்கள்

முதல்ல எக்ஸ்டென்ட்னா என்னன்னு பார்த்துடலாம். நாலே நாலு எண்கள்தான். மேற்கு எல்லை, தெற்கு எல்லை, கிழக்கு எல்லை, வடக்கு எல்லை. இந்த நாலும் சேர்ந்தா ஒரு செவ்வகம். அதுக்குள்ள இருக்கிறது வரைபடத்துல வரும், வெளியே இருக்கிறது வராது.

ஸ்விக்கியில ஏரியா தேடும்போதும் மேப்பை விரலால நகர்த்தும்போதும் நீங்க மாத்துறது இந்த நாலு எண்களைத்தான். ஆனா அங்கே விரல் நம்மகிட்ட இருக்கு. பிடிக்கலைன்னா நகர்த்திக்கலாம். காகிதத்துல அச்சாயிடுச்சுன்னா, அந்த நாலு எண்ணையும் வேற யாரோ ஏற்கெனவே முடிவு பண்ணிட்டாங்கன்னு அர்த்தம்.

இது கம்ப்யூட்டர் காலத்துப் பிரச்னை கிடையாது. இந்திய சர்வே துறையோட டோப்போ ஷீட்டை எடுத்துக்கோங்க. இந்தியாவும் சுற்றியிருக்கிற நாடுகளும் 4 டிகிரிக்கு 4 டிகிரி கட்டங்களா பிரிக்கப்பட்டிருக்கு. நம்ம பகுதி 57-ஆம் எண் கட்டம். கிழக்கு மேற்கா 76 டிகிரியில இருந்து 80 வரைக்கும், தெற்கு வடக்கா 12-ல இருந்து 16 வரைக்கும். அதை 16 துண்டா வெட்டி, ஏ-ல தொடங்கி பதினாறாவது எழுத்தான பி வரைக்கும் பேர் வச்சிருக்காங்க. அந்த ஒவ்வொரு துண்டையும் மறுபடி 16 ஆக்கினா, 15 நிமிஷத்துக்கு 15 நிமிஷம் அளவுல ஒரு தாள் கிடைக்கும். அதுல 1 செ.மீ. தரையில 500 மீட்டர்.

இப்போ தோல் பட்டையைத் தேடுவோம். ஆம்பூர் 57-எல் தாள்கள்ல 9-ஆம் எண். வாணியம்பாடி அதுக்குக் கீழே 10. பள்ளிகொண்டா பக்கம் 13. வேலூர் வந்தா எழுத்தே மாறிடும், 57-பி, எண் 1. ராணிப்பேட்டை 57-பி, எண் 5. வாணியம்பாடியில இருந்து ராணிப்பேட்டை வரைக்கும் பாலாறு ஓடுற பாதையை ஒரு சேர பார்க்கணும்னா அஞ்சு தாளை வாங்கி, தரையில விரிச்சு, ஓரத்தை மடிச்சு ஒட்டணும்.

இதுல ஆம்பூர் நிலைமை இன்னும் விசேஷம். ஊர் ஏறக்குறைய 12 டிகிரி 47 நிமிஷம் வடக்கு, 78 டிகிரி 43 நிமிஷம் கிழக்கு. தாளோட தெற்கு ஓரம் 12 டிகிரி 45 நிமிஷம், கிழக்கு ஓரம் 78 டிகிரி 45 நிமிஷம். ரெண்டு பக்கமும் ரெண்டே நிமிஷ தூரம். தரையில நாலு கிலோமீட்டர்கூட வராது. அதாவது ஆம்பூர் தாளோட மூலையில உட்கார்ந்திருக்கு. ஊரைச் சுத்தி என்ன இருக்குன்னு பார்க்க நாலு தாள் வேணும்.

யாரும் ஆம்பூர்மேல வன்மம் வச்சு இப்படி வெட்டலை. கட்டம் முதல்ல வந்தது, ஊர் அது பாட்டுக்கு எங்கேயோ விழுந்தது. ஆனா பழைய சர்வேயர்கள் ஒரு வேலை பண்ணியிருந்தாங்க. தாளோட அடி ஓரத்துல ஒரு குட்டிக் கட்டம் இருக்கும். நடுவுல இந்தத் தாள், சுத்தி எட்டுத் தாள், ஒவ்வொண்ணுக்கும் எண். "இங்கே முடியுது, இதுக்கு அப்பால பார்க்கணும்னா இந்த எண்ணைக் கேளு"ன்னு காகிதமே சொல்லும்.

நம்ம ஊர் நில அளவைக்காரங்களும் அதையேதான் செஞ்சாங்க. உங்க வீட்டுப் பத்திரத்தோட ஒரு எஃப்எம்பி நகல் இருக்கும், எடுத்துப் பாருங்க. உங்க சர்வே எண்ணோட கோடுகளுக்கு வெளியே, அக்கம்பக்கத்து நிலங்களோட சர்வே எண்ணும் குறிச்சிருக்கும். என் ஸ்கிரிப்ட் போட்ட வரைபடத்துல வெளியே இருந்தது வெள்ளைக் காகிதம் மட்டும்தான்.

உப்பு எங்கே போச்சு?

சரி, கிணறு வெட்டுப்பட்டா என்ன பெரிய நஷ்டம்? மத்த ஊர்ல பெருசா இல்லாம இருக்கலாம். பாலாற்றங்கரையில உண்டு.

இந்தப் பகுதியில தோல் பதனிடுறது ரொம்பப் பழைய தொழில். முன்னாடி ஆவாரம்பட்டையிலதான் பதனிட்டாங்க. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துல மெட்ராஸ்ல ஆல்பிரட் சாட்டர்டன் குரோம் முறையைக் கொண்டுவர முயற்சி பண்ணினார். பெரிய திருப்பம் வந்தது 1970-களில். சீதாராமையா கமிட்டி 1972-ல, பாதி பதனிட்ட தோலை அனுப்புறதைக் குறைச்சு முழுசா முடிச்ச தோலையும் தோல் பொருளையும் ஏற்றுமதி பண்ணணும்னு சொன்னது. நாட்டுக்கு டாலர், ஊருக்கு வேலை. இன்னைக்கும் ஆம்பூர் சுத்துவட்டாரத்துல காலையில ஷூ கம்பெனி பஸ்களுக்காகக் காத்து நிக்கிற பெண்களைப் பார்த்தா, இந்தத் தொழில் எத்தனை வீட்டு அடுப்பை எரிக்குதுன்னு புரியும். அதை மறைச்சுட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

ஆனா கழிவு எங்கே போச்சு? பச்சைத் தோல் கெடாம இருக்க உப்புல போட்டுத்தான் வரும். முதல் வேலையே அந்த உப்பைக் கழுவறது. அப்புறம் சுண்ணாம்பு, சல்ஃபைடு, குரோமியம். ஒரு கிலோ தோல் முடிய கிட்டத்தட்ட 35 லிட்டர் தண்ணி ஆகும்னு உச்ச நீதிமன்றத் தீர்ப்புலயே இருக்கு. வருஷத்துல பெரும்பாலான நாள் மணலா கிடக்கிற ஆறு பாலாறு. விட்ட கழிவு நீரை அடிச்சுக்கிட்டுப் போக அதுல வெள்ளம் கிடையாது. தண்ணி ஆவியாயிடும், உப்பு மணலுக்குள்ள இறங்கும். மணலுக்குப் பக்கத்துலதான் கிணறு.

1991-ல வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புக் கொடுத்தது. சட்டக் கல்லூரி மாணவர்கள் யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா உங்களுக்குத் தெரியும், மாசுபடுத்துறவரே செலவையும் ஏத்துக்கணும்ங்கிற கொள்கை இந்தியச் சட்டத்தோட பகுதின்னு உறுதியா சொன்ன வழக்கு அது. தோல் தொழிற்சாலைகள் நிறைஞ்ச பகுதியில கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாவோ முழுசாவோ பயிருக்கு லாயக்கில்லாம போச்சுங்கிற கணக்கும் அந்தத் தீர்ப்புல வருது.

தீர்ப்புப்படி இழப்பைக் கணக்கிட ஒரு ஆணையம் அமைஞ்சது. அது 2001 மார்ச்ல முடிவு சொன்னது: வேலூர் மாவட்டத்துல பாதிக்கப்பட்டவங்க 29,193 பேர். பொறுப்பு ஏற்க வேண்டிய தொழிற்சாலைகள் 547. இழப்பீடு மொத்தம் 26.82 கோடி ரூபாய். காலம், 1991 ஆகஸ்ட்ல இருந்து 1998 டிசம்பர் வரைக்கும். வகுத்துப் பாருங்க. ஏழு வருஷத்துக்கும் மேல கெட்ட நிலத்துக்குச் சராசரியா ஒருத்தருக்கு 9,200 ரூபாய்க்கும் கீழே.

இப்போ அந்தப் பெரியவரோட வார்த்தைக்கு வருவோம். "அதான் பேப்பர்ல இல்லியே." பட்டியல், சர்வே எண், வரைபடம், இதுல எதுலயாவது பேர் இருந்தா உண்டு, இல்லைன்னா இல்லைங்கிற உலகத்துல பல வருஷம் வாழ்ந்தவர் அவர். அவருக்கு என்னோட பிடிஎஃப்பும் இன்னொரு பேப்பர்தான்.

ஸ்வால்பார்டில் ஓர் ஆம்பூர் கிணறு

அன்னைக்கு ராத்திரி ரூமுக்கு வந்து எழுபது கோப்பையும் ஒண்ணு விடாம திறந்தேன். நாலஞ்சு வகைத் தப்பு இருந்தது.

முதல் வகை. ஒரு வரைபடத்துல கிராமம் ஒரு புள்ளியா சுருங்கிக் கிடந்தது, சுத்தி உலகமே இருந்தது. காரணம் ஒரே ஒரு கிணறு. பதிவு பண்ணினவர் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் மாத்தி எழுதிட்டார். 12.8 வடக்கு, 78.7 கிழக்கு இருக்க வேண்டியது, 78.7 வடக்கு, 12.8 கிழக்கு ஆயிடுச்சு. அது எங்கே தெரியுமா? நார்வேக்கு வடக்கே, பனிக்கரடி திரியற ஸ்வால்பார்டு தீவு! எக்ஸ்டென்ட் எல்லாக் கிணறையும் உள்ளே அடக்கணும்னு சொல்லியிருந்தேன். சொன்ன பேச்சைக் கேட்டு ஆம்பூர்ல இருந்து ஆர்க்டிக் வரைக்கும் ஒரே சட்டத்துல அடக்கிடுச்சு.

அதோட தம்பி ஒருத்தன் உண்டு. ஜிபிஎஸ் சிக்னல் கிடைக்காம காலியா விட்ட இடத்தை மென்பொருள் பூஜ்யம், பூஜ்யம்னு எடுத்துக்கும். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடா. இந்தத் தொழில்ல இருக்கிறவங்க அதைச் செல்லமா 'நல் தீவு'ன்னு சொல்லுவாங்க. தீவே கிடையாது, வெறும் கடல்தான்.

இரண்டாவது வகை. வெத்துக் காகிதம். உள்ளே ஒண்ணுமே இல்லை. இதைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் ஆச்சு. பூமி உருண்டை, காகிதம் தட்டை. அதனால உலகத்தை 6 டிகிரி அகலப் பட்டைகளா வெட்டி மீட்டர் கணக்குல அளக்கிற யூடிஎம்னு ஒரு முறை உண்டு. 78 டிகிரி கிழக்குல 43-ஆம் பட்டை முடிஞ்சு 44 ஆரம்பிக்கும். நம்ம தோல் பட்டை முழுக்க 44-ல வரும். ஆனா பாலாறு பிறக்கிறது கர்நாடகத்துல நந்தி மலைப் பக்கம், அது 43. ஆத்தோட தலை ஒரு பட்டையில, உடம்பு இன்னொண்ணுல. மேல்பகுதித் தரவு 43-ல இருந்ததால வேலைக்கோப்பும் 43-லயே அமைஞ்சுபோச்சு. ஸ்கிரிப்ட், 44-ல அளந்த நாலு எண்ணை எடுத்து, மாத்தாம 43-க்குக் கொடுத்துட்டது. விளைவு? சட்டம் சரியா 6 டிகிரி மேற்கே தள்ளிப்போய், மங்களூருக்கு அப்பால அரபிக்கடல்ல விழுந்தது. கேட்ட இடத்தை ஒழுங்காத்தான் எக்ஸ்போர்ட் பண்ணியிருக்கு. அங்கே கிணறு இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது, ஆறும் கிணறும் ஒண்ணுக்கொண்ணு நகர்ந்து நின்னது. ஆத்தைப் பழைய டோப்போ ஷீட்ல இருந்து வரைஞ்சிருந்தோம். அந்தத் தாள்கள் எவரெஸ்ட் பேர்ல இருக்கிற பூமி மாதிரியை வச்சுப் போட்டவை. 1802-ல பரங்கிமலைப் பக்கம் லாம்ப்டன் அடிக்கோடு அளந்து தொடங்கின பெரிய சர்வேயோட வாரிசு அது. ஜிபிஎஸ் பயன்படுத்துறது வேற மாதிரி. ரெண்டுக்கும் நடுவுல நம்ம பகுதியில நூறு மீட்டருக்கும் மேல வித்தியாசம் வரும். தமிழ்நாடு அரசு 1989 மார்ச்ல போட்ட ஆணை ஒண்ணு இருக்கு, எண் 213. ஆத்துல இருந்து 1 கி.மீ.க்குள்ள மாசுபடுத்தற தொழிற்சாலை வரக்கூடாதுன்னு. ஒரு கிலோமீட்டர் கணக்குல நூறு மீட்டர் தள்ளினா, உள்ளே இருக்கிறது வெளியே போயிடும்.

நான்காவது, நான் வெட்கப்படற தப்பு. ஸ்கிரிப்ட்ல 'வேலூர் மாவட்டம்'னு வடிகட்டியிருந்தேன். 2019 நவம்பர்ல வேலூர் மூணு மாவட்டமா பிரிஞ்சது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயிடுச்சு. ராணிப்பேட்டை தனி மாவட்டம். புதுசா தரவிறக்கின எல்லைக்கோட்டை மாத்திப் போட்டதும் பாதிக் கிராமங்கள் சத்தமே இல்லாம பட்டியல்ல இருந்து விழுந்துடுச்சு. பிழைச் செய்தி எதுவும் வரலை. மென்பொருளைப் பொறுத்தவரை பிழையே நடக்கலை இல்லையா?

ரெண்டு பக்கத்துக்கும் நடுவில்

இதெல்லாம் சரி பண்ணினேன். ஆனா பெரியவரோட கிணறு அப்பவும் வரலை.

அவர் ஊர் வரைபடத்துல மேலே சொன்ன எந்தத் தப்பும் இல்லை. எல்லா ஊரையும் ஒப்பிட்டுப் பார்க்க வசதியா இருக்கட்டும்னு ஒரே அளவுத்திட்டம் வச்சிருந்தேன், 1-க்கு 10,000. ஏ3 தாள், படுக்கை வாக்குல. தலைப்பு, குறிப்பு எல்லாம் போக வரைபடத்துக்குக் கிடைச்ச இடம் 38 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம். தரையில அது 3.8 கி.மீ.க்கு 2.5 கி.மீ. அந்தக் கிராமமோ தெற்கு வடக்கா 4 கி.மீ. நீளம். ஸ்கிரிப்ட் கிராமத்தோட நடுவுல போய் நின்னு, மேல முக்கால் கிலோமீட்டர், கீழே முக்கால் கிலோமீட்டரை வெட்டிடுச்சு.

சட்டத்துக்கு ஒரு வடிவம், ஊருக்கு ஒரு வடிவம். ரெண்டும் பொருந்தலைன்னா ஒண்ணு அளவுத்திட்டம் மாறணும், இல்லை ஊர் வெட்டுப்படணும். நான் அளவுத்திட்டத்தைப் பூட்டி வச்சிருந்தேன்.

சரி, அவர் நிலம் ஊர் எல்லை ஓரமாத்தானே, அடுத்த கிராமத்து வரைபடத்துலயாவது வந்திருக்கணுமே? திறந்து பார்த்தேன். அங்கே அந்த இடம் சட்டத்துக்குள்ளதான் இருக்கு. ஆனா வெள்ளையா இருக்கு. ஏன்னா, பார்க்க சுத்தமா இருக்கட்டும்னு, ஊர் எல்லைக்கு வெளியே இருக்கிற எல்லாத்தையும் மறைக்கச் சொல்லி நானே ஒரு வரி எழுதியிருந்தேன்.

இந்தப் பக்கம் சட்டம் வெட்டுச்சு. அந்தப் பக்கம் மறைப்பு வெட்டுச்சு. ரெண்டு வரைபடமும் தனித்தனியா பார்த்தா சரி. ஆனா ரெண்டுலயும் அந்தக் கிணறு இல்லை.

இதைச் சரி பண்ண நாங்க செஞ்சதைச் சொல்றேன், இந்த வேலை செய்யறவங்க யாராவது கேட்டுக்கிட்டு இருப்பீங்க. ஒண்ணு, எக்ஸ்டென்ட்டை மாதிரிப் பக்கத்துல இருந்து எடுக்கிறதை நிறுத்தினோம். ஊர் எல்லை, அதோட கிணறுகள் ரெண்டையும் சேர்த்துச் செவ்வகம் போட்டு, நாலு பக்கமும் பத்து சதவீதம் கூடுதலா விட்டோம். நீளமான ஊருக்குத் தாளை நிமிர்த்தி வச்சோம். அப்பவும் கொள்ளலைன்னா ரெண்டு பக்கமா பிரிச்சோம். ரெண்டு, எக்ஸ்போர்ட்டுக்கு முன்னாடி அந்த நாலு எண்ணையும், அது எந்த அளவு முறையில இருக்குங்கிறதையும் ஒரு கோப்புல எழுத வச்சோம். தமிழ்நாட்டுக்கு வெளியே போனா ஸ்கிரிப்ட் நின்னுடும். மூணு, எண்ணிக்கை. பட்டியல்ல 41 கிணறு இருந்தா வரைபடச் சட்டத்துக்குள்ளயும் 41 இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் பிடிஎஃப் வராது. இந்த மூணாவது வரியை முதல் நாளே எழுதியிருந்தா இந்த எபிசோடே இருந்திருக்காது.

நாலாவதா, எஃப்எம்பியைப் பார்த்துக் காப்பி அடிச்சோம். ஒவ்வொரு ஓரத்துலயும் அடுத்த ஊர் பேரும் அந்த வரைபடத்தோட எண்ணும். வெள்ளையா மறைச்ச இடத்தை வெளிர் சாம்பல் ஆக்கி, கிணறுகளைத் தெரியவிட்டோம்.

1998-க்குப் பிறகு?

இந்தத் தப்புகளைத் துரத்தின நாள்ல இருந்து எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் எனக்கு ஒரு பழக்கம் வந்துடுச்சு. நடுவுல என்ன இருக்குன்னு அப்புறம்தான் பார்ப்பேன். முதல்ல ஓரத்தைப் பார்ப்பேன். இந்த நாலு எண்ணை யார் முடிவு பண்ணினாங்க? இல்லை, யாருமே முடிவு பண்ணாம தானா விழுந்ததா?

பாலாற்றோட வரலாறே அப்படிப் பார்த்தா ஓரங்களோட வரலாறு. ஆறு மொத்தம் 348 கி.மீ. கர்நாடகத்துல 93, ஆந்திராவுல 33, தமிழ்நாட்டுல 222. 1892-லயே மெட்ராஸுக்கும் மைசூருக்கும் ஆத்துத் தண்ணி பத்தி ஒப்பந்தம் போட்டாங்க, அதோட பட்டியல்ல பாலாறும் உண்டு. இன்னைக்கும் மாநில எல்லையோட நிக்கிற வரைபடத்துல, மேலே தண்ணி ஏன் வரலைங்கிற கேள்விக்கு இடம் கிடையாது. கீழே ஏன் உப்புக் கரிக்குதுங்கிறது மட்டும்தான் தெரியும். ரெண்டும் ஒரே கேள்வியோட ரெண்டு பாதி. வர்ற தண்ணி குறைஞ்சா உப்பு இன்னும் கெட்டியாகும்.

ஒரு கிலோமீட்டர் விதியும் ஓர் ஓரம்தான். நிலத்தடி நீர் அந்தக் கோட்டுல நிக்காது. 1998 டிசம்பரும் ஓர் ஓரம்தான், காலத்துல போட்டது. இழப்பீட்டுக் கணக்குக்கு ஒரு முடிவுத் தேதி வேணும், புரியுது. ஆனா 1999 ஜனவரி ஒண்ணாம் தேதி காலையில கிணத்துத் தண்ணி இனிச்சிருக்குமா?

2025 ஜனவரி 30-ல உச்ச நீதிமன்றம் இந்த விவகாரத்துல மறுபடி தீர்ப்புக் கொடுத்தது. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன். இன்னும் இழப்பீடு கிடைக்காதவங்களுக்கு ஆறு வாரத்துக்குள்ள கொடுக்கணும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில குழு அமைச்சு சுற்றுச்சூழல் தணிக்கை நடத்தணும்னு சொன்னாங்க. முதல் மனு போட்டு 34-ஆவது வருஷம். அந்தத் தணிக்கைக்கும் வரைபடம் போடுவாங்க. யாரோ ஒரு பையனோ பொண்ணோ ராத்திரி ஸ்கிரிப்டை ஓடவிட்டுத் தூங்கப் போவாங்க. அவங்க காதுல இது விழணும்னுதான் இந்த எபிசோட்.

திருத்தின வரைபடத்தை எடுத்துக்கிட்டு அந்த ஊருக்கு மறுபடி போனோம். இப்போ தாள் நிமிர்ந்து நின்னது. பெரியவர் ஓடையைக் கண்டுபிடிச்சார். அதைத் தாண்டி விரலை வச்சு நகர்த்திக்கிட்டே போய் ஒரு சிவப்புப் புள்ளியில நிறுத்தினார். பக்கத்துல டிடிஎஸ் எண் இருந்தது. குடிநீருக்கு வேற வழியே இல்லைன்னா லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் வரைக்கும் பொறுத்துக்கலாம்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. அவர் கிணறு அதைத் தாண்டி எங்கேயோ இருந்தது.

"இதானா?"

"ஆமாங்க ஐயா."

"அதான் தென்னை நிக்கல"ன்னார். தெரிஞ்ச விஷயம்தான் அவருக்கு. காகிதத்துலயும் இருக்குன்னு பார்த்துக்கிட்டார்.

அப்புறம் விரல் இன்னும் கீழே போனது, சாம்பல் நிறப் பகுதிக்கு. அங்கே ஒரு புள்ளியைத் தட்டி, "இது என் சம்பந்தி நெலம். இதுல நம்பர் போடலியே?"ன்னு கேட்டார்.

"அது அடுத்த ஊர் வரைபடத்துல இருக்குங்க ஐயா. இதோ ஓரத்துல எண் இருக்கு பாருங்க."

எண்ணைப் பார்த்தார். "அதையும் குடுத்துட்டுப் போப்பா"ன்னார்.

கொடுத்துட்டு வந்தோம்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். அதுக்குள்ள ஒரு சின்ன வேலை பண்ணுங்க. உங்க ஊர் வரைபடம் எது கிடைச்சாலும் எடுத்து, அதோட ஓரத்தைப் பாருங்க. அங்கே யாராவது பாதியா நிக்கிறாங்களான்னு எழுதி அனுப்புங்க.